பழைய வீட்டின் சுவர்களைத் திறந்து ஒரே கூடமாக்குவது எப்படி

எங்கள் வீட்டில் ஒன்பது அறைகள் இருந்தன, ஆனால் ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடையாது. மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய வீடு. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் வாசலை அடுத்த ரேழியில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்காது, பிள்ளைகள் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தேடித்தான் பார்க்க வேண்டும், நடுப்பகலில்கூட நடுவீட்டில் லைட் போட்டாக வேண்டும். அந்த வீட்டைத் திறந்து பெரிய கூடமாக்கினோம். அதற்கப்புறம் தஞ்சாவூரில் மாமா வீடு, கும்பகோணத்தில் அக்கா வீடு என்று இன்னும் இரண்டு வேலைகளில் ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே நின்றேன். எங்களுடையது முற்றம் வைத்த ஓட்டு வீடு, மாமாவுடையது அறுபதுகளில் கட்டிய காங்கிரீட் பங்களா, அக்காவுடையது இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள தெருவீடு. மூன்றிலும் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் என்ஜினியர் இல்லை. வீட்டுக்கு நேரில் வந்து பார்க்கும் கட்டமைப்பு என்ஜினியர் ஒருவர் சொல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

முதல் வேலை இடிப்பது இல்லை. வீடு முதலில் எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்பது.

டெல்டாவின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை திறந்த வீடுகளாகத்தான் கட்டப்பட்டன. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லை. வாசற்படியில் நின்றால் கொல்லைக் கிணறு வரை கண் ஓடும். அதை அடைத்தது பிற்பாடு வந்த தலைமுறைகள். பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர், புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அறை வேண்டும் என்று தாழ்வாரத்தை அடைத்து ஒரு சுவர், மழை அடிக்கிறது என்று முற்றத்துக்கு மேல் ஒரு தளம். ஆகவே நீங்கள் தேட வேண்டியது இந்தப் பிற்காலச் சுவர்களைத்தான். இவற்றை எடுத்தாலே பாதி வீடு திறந்துவிடும். அப்போதும் இடம் போதவில்லை என்றால் மட்டும் பழைய சுவரில் கை வையுங்கள்.

பிற்காலச் சுவரை அடையாளம் காண்பது கஷ்டம் இல்லை. பழைய சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், சன்னமான செங்கல், சுண்ணாம்புக் காரை. சுவரின் ஒரு மூலையில் கரண்டியால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடிப்பொடியாக உதிரும். பின்னால் வைத்த சுவர் நாலரை அங்குலமோ ஒன்பது அங்குலமோ இருக்கும், சாம்பல் நிற சிமென்ட் பூச்சு, சுரண்டினால் கரண்டிதான் மழுங்கும். நாங்கள் சந்தேகப்பட்ட ஒரு சுவரின் அடியில் மேஸ்திரி உளியை வைத்து ஒரு செங்கல் அளவுக்குத் தோண்டினார். உள்ளே பழைய சிவப்புத் தரை பளபளப்பு மாறாமல் சுவருக்கு அடியில் அந்தப் பக்கம் வரை ஓடிக்கொண்டிருந்தது. அஸ்திவாரமே இல்லாமல் தரைமேல் எழுப்பிய சுவர் அது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, திருவாரூரில் இருக்கிறார். போனில் கேட்டேன். "அந்தச் சுவரா? அது உங்க சித்தப்பா கல்யாணத்துக்கு வச்சதுடா தம்பி. அதுக்கு முன்னாடி அங்க ஊஞ்சல் தொங்கும்" என்றார். அண்ணாந்து பார்த்தால் உத்திரத்தில் இரண்டு இரும்பு வளையங்கள், ஒன்று சுவருக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஊஞ்சலின் நடுவே சுவர் வைத்திருக்கிறார்கள்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. பின்னால் வைத்த சுவர் என்பதாலேயே அது எதையும் தாங்கவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. உத்திரத்தின் முனையைக் கரையான் தின்றிருக்கும், உத்திரம் மெல்ல இறங்கி அந்தச் சன்னச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும். வைத்தபோது சும்மா நின்ற சுவர் இருபது வருஷம் கழித்து கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கும். சுவரின் தலைப்பில் ஆக்சா பிளேடை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக உள்ளே போனால் சரி. இறுகியிருந்தால் உத்திரத்தின் இரண்டு முனைகளையும் பூச்சு எடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு.

எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது

இதற்குக் கூரையைப் படிக்கத் தெரிய வேண்டும். மரக்கட்டைகள் போட்டு அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டில் நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் என்றால், கீழே நின்று கட்டைகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று பாருங்கள். கட்டையின் முனைகள் உட்காரும் சுவர்கள் பாரம் தாங்குபவை. கட்டைக்கு இணையாக ஓடும் சுவருக்கு அவ்வளவு பாரம் இராது. ஓட்டு வீடு என்றால் முற்றத்தைச் சுற்றி நிற்கும் மரத்தூண்களையும் அவற்றின் மேல் ஓடும் உத்திரத்தையும் தொடவே தொடாதீர்கள், உள் இறவாரம் முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது. இடத்தை அடைக்கிறது என்று ஒரு தூணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் விட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன், முற்றத்தின் ஒரு மூலை முழுக்கத் தொங்கிப்போயிருந்தது.

காங்கிரீட் வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. மாமா வீட்டில் இதுதான் பெரிய தலைவலி. அறையின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் தளத்தின் பாரத்தை நாலு பக்கச் சுவரும் பகிர்ந்துகொள்ளும்படிதான் கம்பி கட்டியிருப்பார்கள். அதனால் பங்களாவில் ஒன்பது அங்குலச் சுவர் ஒவ்வொன்றும் பாரச்சுவர் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள், இல்லை என்று என்ஜினியர் நிரூபிக்கட்டும். கூடவே தளத்தின் அடிப்பாகத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் கீழே சுவரை எடுப்பது ஆபத்து.

பாரம் என்றால் எவ்வளவு என்பதையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல் சுவர் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1900 கிலோ. பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலக் கனம் உள்ள ஒரு சுவர் மட்டும் நான்கு டன் வரும். மாடியில் அதே இடத்தில் இன்னொரு சுவர் இருந்தால் அந்த எடை, தளத்தின் எடை, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் அதற்கு மேல்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. கூரையைத் தாங்காத குறுக்குச் சுவருக்கும் ஒரு வேலை உண்டு, நீளமான சுவரைச் சாயாமல் பிடித்துக்கொள்வது. முப்பதடி நீளச் சுவருக்கு நடுவில் இருந்த இரண்டு குறுக்குச் சுவர்களையும் தரையிலிருந்து கூரை வரை சுத்தமாக வழித்து எடுத்துவிட்டால் அந்த நீளச் சுவர் தனியாளாகிவிடும். அதனால் குறுக்குச் சுவரை முழுதாக எடுக்காமல் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை, இரண்டு அடிக்குத் துண்டுச்சுவராக விட்டு நடுவில் மட்டும் திறங்கள். பார்வைக்கும் அழகாக இருக்கும், புத்தக அலமாரியோ சாமி மாடமோ அந்த ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். கடலோரப் பக்கம், வேதாரண்யம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை என்றால் இது இன்னும் முக்கியம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் கரையேறியபோது ஓட்டுக்கூரைகள் பறந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். சுவர்களைக் குறைத்து இடத்தைப் பெரிதாக்கும்போது கூரைச் சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிடச் சொல்லுங்கள். அப்போதே செய்தால் சின்ன வேலை.

விரிசலும் பருவமும்

நம் மண் களிமண். பங்குனி, சித்திரையில் காய்ந்து சுருங்கும், ஐப்பசி, கார்த்திகையில் ஊறி உப்பும். வீடும் அதோடு ஏறி இறங்கும். அதனால் ஒரு விரிசலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். விரிசலுக்குக் குறுக்கே சன்னமான கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு ஓரமும் ஒட்டும்படி பசை வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி போடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. படிக்கட்டு போலச் சாய்வாக ஏறும் விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டும். அதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்: சுவரை ஒட்டி வளர்ந்த மரம், உடைந்த கழிவுநீர்க் குழாய், கூரைத் தண்ணீர் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டுவது. முடிந்தால் ஒரு கோடை, ஒரு மழை இரண்டையும் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். காத்திருப்பதால் எதையும் இழந்துவிட மாட்டீர்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் தை அறுப்பு முடிந்ததும், மாசியிலிருந்து ஆனி வரை. கூரையைத் திறக்கும் வேலை எதுவானாலும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். ஆடி, ஆவணியில் பூச்சு, வயரிங், மர வேலை என்று உள்ளே பார்த்துக்கொள்ளலாம். புரட்டாசி பிறந்த பிறகு திறந்த கூரையோடு எந்த வீடும் நிற்கக் கூடாது.

திறப்பது

எங்கள் வீட்டில் பழைய ஒன்றரை அடிச் சுவர் ஒன்றிலும் திறக்க வேண்டியிருந்தது. பத்தாய அறைக்கும் கூடத்துக்கும் இடையே இருந்த சுவர். டெல்டா வீடுகளில் இந்த நெல் அறை ஒரு வரம். ஜன்னலே இல்லாமல் பெரிதாக நடுவீட்டில் இருக்கும், இப்போது யாரும் அதில் நெல் கொட்டுவதில்லை, பழைய பாய், தகரப் பெட்டி, உடைந்த மிக்சி என்று குப்பை சேரும் இடமாகிவிட்டது. கூடத்தோடு சேர்க்க முதலில் பார்க்க வேண்டிய அறை அதுதான்.

ஒன்பதடிக்குத் திறப்பு என்று முடிவானது. முறை இப்படி. முதலில் திறப்பின் இரண்டு ஓரத்திலும் பீம் உட்காரும் இடத்தில் பழைய செங்கல்லை எடுத்துவிட்டுக் காங்கிரீட் மெத்தை போட்டு ஆறவிட்டார்கள், ஏனென்றால் சுண்ணாம்புச் சுவர்மேல் இரும்பு நேராக உட்கார்ந்தால் அந்த ஒரு முனை மட்டும் நசுங்கும். பிறகு கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். சுவர் கனமானது என்பதால் ஒரு பக்கத்திலிருந்து பாதிக் கனத்துக்கு மட்டும் நீளவாட்டில் ஒரு காடி வெட்டி, அதில் முதல் ஐ-பீமை ஏற்றி, பீமுக்கும் மேல் சுவருக்கும் இடையில் உள்ள சந்தில் கெட்டிச் சாந்தைக் கட்டையால் இடித்து இடித்து அடைத்தார்கள். அது இறுகியதும் மறு பக்கத்திலிருந்து மீதிப் பாதியை வெட்டி இரண்டாவது பீம். இரண்டையும் போல்ட் போட்டு இணைத்தார்கள். அதற்கப்புறம்தான் கீழே இருந்த சுவரை எடுத்தது, அதுவும் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக. சம்மட்டி அடி கிடையாது, உளியும் சுத்தியும்தான். பழைய செங்கல் முழுசாக வந்தது, அதைக் கொல்லைச் சுவருக்கு வைத்துக்கொண்டோம்.

இந்தச் சந்து அடைக்கும் வேலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அங்கே கால் அங்குல இடைவெளி இருந்தாலும் முட்டுகளை எடுத்ததும் மேல் சுவர் அந்தக் கால் அங்குலம் இறங்கித்தான் பீம்மேல் உட்காரும், இறங்கும்போது வெடிக்கும். கூடவே நின்று பாருங்கள். டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியக் கூடாது.

இரும்புக்குப் பதில் காங்கிரீட் பீம் போடுகிறார்கள் என்றால், இருபதடிக்கு உட்பட்ட பீமுக்குக் குறைந்தது 14 நாள் முட்டு நிற்க வேண்டும், முழு பலம் வர 28 நாள். "எட்டாம் நாள் எடுத்துரலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். எடுக்க விடாதீர்கள்.

எங்களுக்கு நடந்த தப்பு முட்டில்தான். முதலில் வேலை எடுத்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் முட்டுக்கு வைக்கும் இரும்பு ஜாக்கியை நேராகச் சிவப்புத் தரைமேலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு ஜாக்கியின் கீழே தரை கிண்ணம் போலக் குழிந்திருந்தது, மேலே கூரை ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பழைய தரைக்குக் கீழே காங்கிரீட் எதுவும் கிடையாது, ஆற்று மணலும் களிமண்ணும்தான். நல்லவேளை, அப்போது சுவரை எடுக்கத் தொடங்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டு என்ஜினியரை வரவழைத்தோம். கீழே ஒரு கனமான மரப்பலகையை நீளவாட்டில் போட்டு, நாலு ஜாக்கிகளும் அதன்மேல் நிற்கும்படி மாற்றினார். பாரம் பலகை முழுக்கப் பரவிவிடும். முட்டுக் கொடுக்கும் அன்று நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஜாக்கிக்கு அடியில என்ன போட்டிருக்கீங்க மேஸ்திரி?" என்பதுதான்.

பொதுச்சுவர் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். அக்கா வீட்டில் பீமின் ஒரு முனை பக்கத்து வீட்டோடு பங்கான சுவரில் உட்காரும் நிலை. அதைத் தவிர்த்து, எங்கள் பக்கத்துக்குள்ளேயே தனியாக அஸ்திவாரம் எடுத்து ஒரு தூண் எழுப்பி அதன்மேல் உட்கார வைத்தோம். செலவு கூடியது, சண்டை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை வேலைக்கு முன்பே அழைத்து, அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி விஷயத்தில், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி உங்கள் வேலைக்கு என்ன வேண்டும் என்பதை நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முற்றத்தை என்ன செய்வது

மூடாதீர்கள். காங்கிரீட் போட்டு மூடிய முற்றத்தைத்தான் நாங்கள் காசு செலவழித்துத் திரும்பத் திறந்தோம். உள்ளே சேரும் சூடு மேலே ஏறிப்போக அது ஒன்றுதான் வழி, அதை அடைத்தால் கூடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புழுக்கம் போகாது. குரங்கு, திருட்டு, கொசு என்று பயம் இருக்கும், நியாயம்தான். கனமான கம்பி கிரில், அதன்கீழ் கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலைச் சட்டம். மழை வேண்டாம் என்பவர்கள் கூரை மட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்தி ஷீட் போட்டு, அந்த இரண்டடியை நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். ஷீட்டை ஒட்டிப் போட்டால் சித்திரை வெயிலில் கூடம் அடுப்பாகிவிடும்.

முற்றத்துத் தண்ணீர் போகும் வழியை இப்போதே சோதியுங்கள். தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. பழைய தூம்பு தெருச் சாக்கடையைவிடத் தாழ்ந்திருந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும். மட்டக்குழாய் வைத்து அளந்துவிட்டு, தேவைப்பட்டால் கொல்லைப் பக்கம் திருப்பிவிடுங்கள். எங்கள் வீட்டில் கிணற்றுக்கு அருகில் ஓர் உறிஞ்சுகுழி வெட்டலாம் என்று பார்த்தோம், மழைக்காலத்தில் நிலத்தடித் தண்ணீர் நாலடியிலேயே நின்றதால் கைவிட்டு வாய்க்காலோரம் கொண்டுபோனோம்.

ஜன்னல் வைக்க முடியாத நடு அறைக்கு, ஓட்டுக் கூரையாக இருந்தால், நாலைந்து கண்ணாடி ஓடுகள் போதும். வடக்குச் சரிவில் போடுங்கள், வெளிச்சம் வரும், வருஷத்தில் பெரும்பகுதிக்கு வெயில் அவ்வளவாக இறங்காது.

அடுப்படி

படங்களில் பார்க்கும் திறந்த சமையலறை நம் சமையலுக்கு அப்படியே ஒத்துவராது. தினம் தாளிப்பு, வாரத்துக்கு மூன்று நாள் மீன், அப்பளம், வடை. எண்ணெய்ப்புகை கூடத்து உத்திரம் வரை ஏறும். நாங்கள் செய்தது இது: அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையே இருந்த சுவரை மூன்றடி உயரத்துக்கு விட்டுவிட்டு அதற்கு மேல் மட்டும் திறந்தோம். அம்மா அடுப்பில் நின்றபடியே கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம், பேசலாம், அரைச்சுவரின் மேல் குழம்பை வைத்தால் இந்தப் பக்கமிருந்து எடுத்துக்கொள்ளலாம், அடுப்படியின் கந்தரகோலம் கூடத்திலிருந்து தெரியாது. மீன் கழுவ, ஆட்ட, பெரிய பாத்திரம் தேய்க்கப் பின்தாழ்வாரத்தில் ஒரு மேடையும் ஓர் அடுப்பும். பண்டிகை நாளில் பலகாரம் சுடுவதும் அங்கேதான். புகைபோக்கிக் குழாயை முடிந்தவரை நேராக, குறைந்த வளைவோடு வெளியே கொண்டுபோங்கள்.

காஸ் சிலிண்டரை வெளித்தாழ்வாரத்தில் வையுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். கூடமும் அடுப்படியும் ஒன்றாகிவிட்ட வீட்டில் அது எங்கு வேண்டுமானாலும் போகும், அதனால் தரை மட்டத்திலேயே வெளியே திறக்கும் ஒரு ஜாலியும் (காற்றுத் துளைகள் உள்ள தடுப்பு) இருக்கட்டும்.

சுவர், தரை, கரையான்

பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம். நம் பக்கம் நிலத்தடி ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் அது வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும். சிமென்ட் பூசினால் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறி, மூன்றடியில் பூத்த உப்பு ஐந்தடியில் பூக்கும். பெயின்ட் அடித்து மறைத்தாலும் ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஓதம் தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரை பழைய பூச்சை உரித்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காய விட்டு, பிறகு சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று என்று சேர்த்துப் பூசுங்கள். எங்கள் மேஸ்திரி கடுக்காயை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெல்லம் சேர்த்துப் புளிக்கவிட்ட நீரில்தான் குழைத்தார். முதல் நாள் ஊறல் பானையைத் திறந்தபோது கள்ளுக்கடை வாசனை வீடெல்லாம் அடித்தது. பூசிய சுவரை நனைத்த சாக்கால் மூடி ஈரம் போகாமல் மெதுவாகக் காய விட்டார், வேகமாகக் காய்ந்தால் சிலந்திவலை போல வெடிக்கும். மேலே வெள்ளை அல்லது சுண்ணாம்பு வண்ணம் மட்டும்.

சுவரை எடுத்த இடத்தில் தரையில் ஒன்றரை அடிக்கு ஒரு தழும்பு நிற்கும். அதே சிவப்பில் ஒட்டுப்போட முயற்சி செய்யாதீர்கள். அறுபது வருஷம் கால் தேய்த்து வந்த நிறம் புதுச் சாயத்தில் வரவே வராது, ஒட்டு ஒட்டாகத்தான் தெரியும். அந்தப் பட்டையில் கடப்பா கல்லைப் பதித்தோம். பழைய சுவர் நின்ற இடம் கறுப்புக் கோடாகத் தரையில் இருக்கிறது, பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே போட்ட பார்டர் என்கிறார்கள். மீதித் தரையைக் கழுவிக் காயவைத்துத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தோம், அவ்வளவுதான்.

தரை உடைந்திருக்கும்போதே கரையான் மருந்தைச் செலுத்திவிடுங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் கரைசல். கிணற்றுப் பக்கச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள், மருந்து தண்ணீரில் போய்ச் சேரும்.

எங்கள் பத்தாயத்தைப் பழைய மர வியாபாரி ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. ஆசாரி அதை அடுக்கு அடுக்காகக் கழற்றும்போது ஒவ்வொரு பலகையிலும் உளியால் கீறிய எண் குறிகள் இருந்தன, எந்தப் பலகை எதோடு சேரும் என்று கட்டியவர் போட்டது. அந்தப் பலகைகள்தான் இன்று கூடத்தில் பெஞ்சும் அரைச்சுவரின் மேல்பலகையும். மழை நாளில் கிட்டே போய் முகர்ந்தால் இன்னும் நெல் வாசனை வருகிறது.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரப்பட்டையில் ஓடும் பழைய வயரை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள், எர்த் இருக்காது. லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். குழாய்க்காகப் பழைய சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி வெட்ட விடாதீர்கள், நெட்டுக்குத்தாக மட்டும். கூரை உயரமாக இருப்பதால் ஃபேனுக்கு நீளமான ராடு வாங்குங்கள், எட்டு ஒன்பது அடி உயரத்தில் இறக்கைகள் சுற்றினால்தான் கீழே காற்று வரும்.

எல்லாவற்றையும் திறக்காதீர்கள். கதவு அடைக்கக்கூடிய இரண்டு அறைகளாவது வேண்டும். ஒன்று பெரியவர்களுக்கு, குளியலறை ஒட்டியே இருக்கும்படி, நடுவில் படி இல்லாமல். இன்னொன்று ஏசி வைக்கவும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும். திறந்த கூடத்தில் டிவி ஓடினால் வீடு முழுக்கக் கேட்கும், அந்தக் கூடத்தைக் குளிரவைக்க எந்த ஏசியாலும் கட்டுப்படியாகாது. மாமா வீட்டில் ஆர்வத்தில் கீழ்த்தளம் முழுவதையும் திறந்துவிட்டார்கள். அத்தைக்கு மதியம் கொஞ்சம் படுக்க இடமில்லாமல் போனது, ஒரே வருஷத்தில் பழைய தேக்குக் கதவுகளை எடுத்துவந்து ஓர் அறையைத் திரும்ப அடைத்தார்கள். எடுத்த கதவுகளையும் நிலைகளையும் ஒரு வருஷத்துக்கு விற்காமல் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

செலவுக்கு ஒரு கணக்கு போடுங்கள், அதில் கால்வாசியை எடுத்துத் தனியாக வையுங்கள். பூச்சை உரித்த பிறகுதான் கரையான் தின்ற உத்திரம் தெரியும், தரையைத் தோண்டிய பிறகுதான் உடைந்த குழாய் தெரியும்.

வேலை முடிந்து குடியேறியதும் கண்ணாடித் துண்டுகளைப் பிய்த்துவிடாதீர்கள். புதுசாகவும் இரண்டு ஒட்டுங்கள், பீமின் இரண்டு முனைகளுக்கும் மேலே. முதல் பெருமழை பெய்யும் இரவில் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள்: பீம் முனைகள், முற்றத்துத் தூம்பு, ஓடு மாற்றிய இடங்கள், மெயின் போர்டு இருக்கும் சுவர். கார்த்திகை கடந்து, அடுத்த சித்திரையும் கடந்து கண்ணாடி உடையாமல் இருந்தால் அப்போது எடுத்துவிட்டு அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம்.